‘உஃப்’ என்பது வேறு, பேச்சு என்பது வேறு

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஜவுளி வியாபாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு ‘பெற்றோரும் பிள்ளைகளும்’. இந்தத் தலைப்பில் நாம் கேட்ட சொற்பொழிவுகளுக்குக் கணக்கே இல்லை. பிள்ளைகள் எப்படிக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஆரம்பித்து, எப்படிக் கீழ்ப்படிய வேண்டும் என்றே முடியும். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். இன்று நான் பின்வரிசைக்காகப் பேசப் போகிறேன். வீட்டில் கருத்து வேறுபாடு வருகிறது. அத்தா ஒன்று சொல்கிறார், மகன் வேறொன்று நினைக்கிறான். அந்த நேரத்தில் பிள்ளையின் பேச்சு பெற்றவர் காதில் ஏறுவதற்கு என்ன வழி? இதுதான் விஷயம்.

நான் ஆலிம் அல்ல. துணி கிழிக்கும் வியாபாரி. மார்க்க விஷயத்தில் தவறாக ஏதும் சொன்னால் மேடையில் இருக்கும் ஆலிம் பெருமக்கள் இங்கேயே திருத்திவிடலாம்.

பெற்றோரை ‘உஃப்’ என்றுகூடச் சொல்லாதீர்கள் என்று குர்ஆனின் 17ஆவது அத்தியாயத்தில் வருவது நம் எல்லோருக்கும் தெரியும். எத்தனை வீடுகளில் இந்த வசனம் பிள்ளையின் வாயை அடைக்கப் பயன்படுகிறது என்பதும் தெரியும். பையன், “அத்தா, எனக்கு இந்த வேலையில் இஷ்டமில்லை” என்று ஆரம்பித்தாலே, “உஃப் என்றுகூடச் சொல்லக் கூடாது, தெரியுமா?” என்று ஒரு போடு! அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

சகோதரர்களே! ‘உஃப்’ என்பது சலிப்பு. முகத்தைச் சுளித்து, ‘சே’ என்று தள்ளிவிடுகிற சத்தம். அது கருத்து அல்ல. அந்த வசனம் ‘உஃப்’ வேண்டாம் என்பதோடு நிற்கவில்லையே! விரட்டாதீர்கள் என்கிறது, அவர்களிடம் கண்ணியமாகப் பேசுங்கள் என்கிறது. ஆம், ‘பேசுங்கள்’ என்றுதான் சொல்கிறது! வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்லவில்லை. பாதி வசனத்தைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டோம்.

சரி, பேசலாம் என்றாகிவிட்டது. எப்படிப் பேசுவது? நான் பேசத் தெரியாமல் கெட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984இல் நான் பிளஸ் டூ முடித்தேன். பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று ஆசை. விண்ணப்பம் வாங்கி, நிரப்பியும் வைத்துவிட்டேன். அத்தா ஒரே வார்த்தையில் முடித்தார்: “நாளையிலிருந்து கடைக்கு வா.” ஏன் என்று கேட்டேன். “சொன்னதைச் செய்” என்றார். நான் என்ன செய்தேன்? மூன்று நாள் சாப்பிடவில்லை. அதாவது அத்தா கண்ணெதிரில் சாப்பிடவில்லை. நன்னி அடுப்படியில் வைத்து ஊட்டியது வேறு விஷயம். கதவை அறைந்து சாத்தினேன். அம்மாவிடம் சத்தம் போட்டேன். “பக்கத்து வீட்டு அத்தா படிக்க வைக்கிறார், இவருக்கு மட்டும் என்ன கேடு?” என்று அத்தா காதில் விழும்படிச் சொன்னேன். நான்காம் நாள் கடைக்குப் போனேன். அதற்குப் பிறகு அவர் மவுத்தாகும் வரை, 13 வருடம், அவரும் நானும் வியாபாரத்தைத் தவிர வேறு எதையும் பேசிக்கொண்டதில்லை. “ஈரோட்டுப் பார்ட்டி வந்தாரா?” “வந்தார்.” அவ்வளவுதான்.

1997இல் அவர் மவுத்தான பிறகு பழைய பேரேடுகளைப் புரட்டினேன். 1984ஆம் வருடப் பேரேட்டில் என் பெரியத்தாவின் பெயரில் ஒரு பக்கம். பெரியத்தாவும் அத்தாவும் அதுவரை கூட்டாக வியாபாரம் செய்தவர்கள். அந்த வருடம் கூட்டைப் பிரித்துக்கொண்டபோது, கடன் சரக்கின் பாக்கி முழுவதையும் அத்தா தன் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்த பக்கங்களில் பார்ட்டி வாரியாகச் சிறுகச் சிறுகக் கட்டிய வரவுகள். நான்கு வருடம் கட்டியிருக்கிறார். சம்பளப் பக்கத்தைப் பார்த்தேன். நான் கடையில் உட்கார்ந்த மாதத்திலிருந்து ஒரு கடைப்பையனின் பெயர் இல்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். கூடப்பிறந்தவர் கைவிட்டதை மகனிடம் சொன்னால் பெரியத்தாவின் மரியாதை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கோ, ‘என் மேல் இவருக்குப் பாசம் இல்லை’ என்று தோன்றியதே தவிர, ‘இவருக்கு ஏதோ ஒரு பயம் இருக்கிறது, அது என்ன?’ என்று தோன்றவே இல்லை. நான் கேட்டதெல்லாம் “ஏன் அனுப்ப மாட்டீர்கள்?” என்றுதான். அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. “கடையில் ஏதாவது கஷ்டமா அத்தா?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அத்தாவின் பயத்தை முதலில் சொல்

இளைஞர்களே, நான் உங்களுக்குச் சொல்ல வந்த சரக்கு இது ஒன்றுதான். உன் ஆசையைச் சொல்வதற்கு முன்னால் அத்தாவின் பயத்தை நீயே உன் வாயால் சொல். அவர் அதைச் சொல்ல மாட்டார். “முடியாது” என்பார், “அதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்பார், “உனக்கு ஒன்றும் தெரியாது” என்பார். அந்த வார்த்தைகளுக்கு அடியில் ஒரு பயம் கிடக்கும். கடன் பயம், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம், நீ கெட்டுப்போவாயோ என்ற பயம், வயதான காலத்தில் தன்னைத் தனியே விட்டுவிடுவாயோ என்ற பயம். “அத்தா, நான் வெளியூர் போனால் ரமலான் வியாபாரத்துக்குக் கல்லாவில் யார் உட்காருவது என்று யோசிக்கிறீர்களா?” என்று மகன் கேட்டால், அந்தத் தகப்பனின் தோள் தன்னால் இறங்கும். இவன் என் எதிரியில்லை, என் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறான் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ சொல்வதை அவர் கேட்பார். ஒப்புக்கொள்வார் என்று சொல்லவில்லை. கேட்பார் என்கிறேன். இரண்டும் வேறு.

கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதே இல்லை. வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “விலை அதிகம்” என்றால் என்ன செய்கிறோம்? சண்டையா போடுகிறோம்? சாயம் போகுமோ என்று பயப்படுகிறாரா, கையில் காசு குறைவா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறோம். முன்பின் தெரியாதவரின் முகத்தைப் படிக்கத் தெரிந்த பையனுக்கு, பெற்ற தகப்பன் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

நேரம் பார்க்க வேண்டும். கல்லாவை எண்ணும்போது பேசாதே. பெருநாள் வியாபாரம் நடக்கும் பத்து நாளும் பேசாதே. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசாதே. பிடிக்காத பேச்சு வந்தால் தட்டை விட்டு எழுந்துவிடுவார், அந்தக் கோபத்தில் அம்மாவும் பட்டினி கிடப்பாள். என் அனுபவத்தில் சுபுஹுத் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வீடு வரை நடக்கிற நேரம்தான் நல்ல நேரம். தெருவில் ஆளிருக்காது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, பக்கவாட்டில் நடந்துகொண்டே பேசலாம். நம் ஊர் ஆண்களுக்கு முகம் பார்த்து மனதைச் சொல்ல வராது. நடந்துகொண்டே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பழக்கம். அம்மாவைத் தூது அனுப்புவது. “அம்மா, அத்தாகிட்டே நீயே சொல்லேன்.” அவள் பாவம், இரவு கை காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள். நீ சொன்னது ஒன்றாக இருக்கும், அவள் பயந்து பயந்து சொல்வது வேறாக இருக்கும், அவர் காதில் விழுவது மூன்றாவதாக இருக்கும். திட்டு மட்டும் அவளுக்கு. மாமுவிடமோ பெரியம்மாவிடமோ சொல்லி, அவர்களை வைத்துக்கொண்டு நீயே பேசுவது வேறு விஷயம். அது நல்ல வழி. உனக்காக ஒருவர் பேசுவதும், நீ பேசும்போது ஒருவர் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் இந்தப் ‘பார்க்கலாம்’. எல்லா அத்தாமார்களும் சொல்கிற வார்த்தை. இங்கே சிரிக்கிறீர்கள், வீட்டில் இதைக் கேட்டதும் அழுகிறீர்கள். ‘பார்க்கலாம்’ என்றால் ‘முடியாது’ என்று முடிவு கட்டிவிடாதே. ‘சரி’ என்றும் எடுத்துக்கொள்ளாதே. “எப்போது பேசலாம் அத்தா?” என்று ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொள். அந்த நாள் வரை அந்தப் பேச்சையே எடுக்காதே. தவணை சொன்ன தேதிக்கு முன்னால் வந்து கதவைத் தட்டுகிறவனையும், தேதி தாண்டியும் வராதவனையும் எந்த வியாபாரியும் மதிப்பதில்லை.

அத்தா சபுரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கேஸட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பேசுவதற்கு முன்னால் நாலு நாள் யோசிப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் கோபம் வந்த நிமிடமே குரல் பதிவு போய்விடுகிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்திருக்கும் மனிதர், வேலை முடிந்து வந்து அதைத் திறந்தால், மகன் கத்துவது பக்கத்துக் கட்டில் வரை கேட்கிறது. அவர் கேட்பாரா, அணைப்பாரா? எழுதி வைத்துக்கொண்டு, ஜும்ஆவுக்குப் பிறகு அவருக்கு ஓய்வு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

கேட்காவிட்டால்?

இப்படியெல்லாம் பேசினால் எந்தத் தகப்பனும் கேட்டுவிடுவார் என்று நான் சொன்னால் அது பொய். நபி இப்ராஹீம் (அலை) அவர்களை விடவா நாம் அழகாகப் பேசிவிடப் போகிறோம்? மர்யம் அத்தியாயத்தைப் பாருங்கள். தன் தந்தையிடம் பேசும்போது நான்கு முறை ‘என் அருமைத் தந்தையே’ என்ற அழைப்போடுதான் ஆரம்பிக்கிறார்கள். உங்களுக்கு வேதனை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்று தகப்பனுக்காகத் தன் மனதில் உள்ள கவலையைச் சொல்கிறார்கள். பதில் என்ன? கல்லால் அடிப்பேன், என்னை விட்டுப் போய்விடு என்பது! அப்போதும் அவர்கள் தன் கொள்கையை விடவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஸலாம் சொல்லி, உங்களுக்காக மன்னிப்புத் தேடுவேன் என்று சொல்லி விலகினார்கள். ‘பணிவாகப் பேசு’ என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை முழுவதும் படிக்க வேண்டும். பணிவு என்பது ஒப்புக்கொள்வது அல்ல.

அதே இப்ராஹீம் நபி தகப்பனான பிறகு என்ன செய்தார்கள் என்பது 37ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. கனவில் வந்ததோ இறைக்கட்டளை. அதில் மாற்றம் செய்ய முடியாது. இருந்தும் மகனிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். தன் பேச்சைக் கேட்காத ஒரு தகப்பனுக்கு மகனாகப் பிறந்தவர் தன் மகனைக் கேட்டார்!

திரைக்கு அப்பால் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர்களுடைய விருப்பமில்லாமல் தந்தை மணமுடித்து வைத்தார். அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அந்தத் திருமணம் ரத்து செய்யப்பட்டது. புகாரியில் பதிவான செய்தி இது. தகப்பனை எதிர்த்துப் பேசிவிட்டாளே என்று அந்தப் பெண்மணி திருப்பி அனுப்பப்படவில்லை. நம் ஊரில் இன்று நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும்போதுதான் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிறோம். பிரியாணி தயாரான பிறகு கேட்கும் கேள்விக்கு என்ன பதில் வரும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி உதை இருக்கும் வீட்டில், அறையில் பூட்டி வைக்கும் வீட்டில், 18 வயதுக்கு முன்னால் நிக்காஹ் என்று நெருக்கும் வீட்டில் ‘நேரம் பார்த்துப் பேசு’ என்ற என் யோசனை செல்லாது. அங்கே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே போக வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் 1098 என்ற எண் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இலவச எண், இரவும் பகலும் எடுப்பார்கள். வீட்டு மானத்தை வெளியே கொண்டு போவதா என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். வீட்டுக்குள் அந்தப் பிள்ளையின் பேச்சுக்கு இடம் இருந்தால் வெளியே போக வேண்டியதே இல்லையே!

வியாபாரப் பெருமக்களே, உங்களிடம் அதிகம் பேச மாட்டேன். மொத்த வியாபாரி அரை மணி நேரம் தன் குறையைச் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கிறோம். பெற்ற மகன் இரண்டு நிமிடம் பேசினால், “வேலையைப் பாருடா” என்கிறோம். 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீட்டுக்காக மேடை போட்டுக் கைதட்டுகிறோம். அந்த இடத்தில் போய் உட்கார வேண்டிய பையன் நம் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய விருப்பத்தை யார் கேட்டோம்? பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 12ஆவது பிரிவில் 1989இல் எழுதினார்கள். 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. நமக்கு இது புதிதல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் பெரியவர்கள். அருந்திய பானத்தை முதலில் பெரியவர்களுக்குக் கொடுக்கட்டுமா என்று அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். உங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன் என்று அவர் மறுத்தார். கோப்பை அவர் கைக்கே போனது.

என் மகன் கொண்டுவந்த தாள்

இந்த மேடையில் நின்று இவ்வளவு பேசுகிறானே, இவன் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

போன வருடம் என் மகன் பிளஸ் டூ முடித்தான். சென்னையில் தங்கி சி.ஏ. படிக்க வேண்டும் என்றான். என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? “நாளையிலிருந்து கடைக்கு வா.” அத்தாவின் அதே வார்த்தை, அதே குரல்! எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

அவன் கதவை அறையவில்லை. இரண்டு வாரம் கழித்து, சுபுஹுக்குப் பிறகு பள்ளி வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தாளை நீட்டினான். நம் கணக்கு நோட்டில் கிழித்த தாள்தான். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘அத்தாவின் கவலை’ என்று தலைப்பு. கடையில் ஆள் இல்லை. சென்னையில் கூட்டாளிகள் எப்படி இருப்பார்களோ. சி.ஏ.வில் நிறையப் பேர் தேறுவதில்லை, வருடம் வீணாகும். அத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்த நாலாவதை நான் யாரிடமும் கவலையாகச் சொன்னதே இல்லை. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் அவன் யோசனை. சிலவற்றுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை, காலியாக விட்டிருந்தான். அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பேசினோம். எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவனும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடத் தவணை போட்டோம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். தினமும் பஸ்ஸில் போய் வருவது. மாலையில் கடை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நான் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கணக்கு, மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் ஒன்று, 20ஆம் தேதிக்குள் ஒன்று, அது இரண்டும் அவன் பொறுப்பு. வீட்டிலிருந்தபடியே சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுவது. தேறினால் சென்னைப் பேச்சை மறுபடி எடுப்பது.

ஜி.எஸ்.டி.யில் ஒரு மாதம் தேதி தவறி அபராதம் கட்டினோம். ஃபவுண்டேஷனில் முதல் தடவை தவறிவிட்டான். அன்றைக்கு, “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. இரண்டாவது தடவை தேறிவிட்டான்.

தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. வருகிற ஞாயிறு சுபுஹுக்குப் பிறகு பேசலாமா என்று கேட்டிருக்கிறான். சரி என்று சொல்லிவிட்டேன். சென்னைக்கு அனுப்ப எனக்கு இன்னும் முழுமனது இல்லை. என் கவலைகளை இந்த முறை நானே ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். சர்க்கரையை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இஷாவுக்கு நேரமாகிவிட்டது.